பொத்தான் தெறிக்கும் பாட்டு

என் இடது கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. நடுக் கணுவில் ஒடிந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிறவியிலேயே இப்படியா என்று கேட்கிறவர்களிடம், இல்லை, கிறிஸ்தவப் பாட்டுக் கட்டுகிற ஒரு அம்மா ஒடித்தது என்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று, முழுச் சபையும் பார்த்திருக்க, கோயில் ஆர்மோனியத்தின் மூடியை என் விரல்கள் மேல் அறைந்து மூடியவர் அவர். அதற்காக அவர் மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் இல்லை, இன்றைக்கும் இல்லை. கோபப்பட வேண்டிய ஆட்கள் வேறு பலர் இருந்தார்கள்.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைப் பொட்டிக்காரம்மா என்பார். ஆர்மோனியப் பெட்டியை வாசிக்கிறவள் என்பதால் அந்தப் பட்டம். என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் உபதேசியார். படிப்பு வருகிறதோ இல்லையோ, வீட்டில் எல்லாருக்கும் பெட்டி வாசிக்க வந்தாக வேண்டும். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தெர்மல் மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸில் சாமான்களை இறக்கி வைத்த கையோடு கோயிலில் காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தின் முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டார்கள்.

அக்கா எங்கள் பிளாக்குக்குத் துணி துவைக்க வருவார். டவுன்ஷிப்புக்கு வெளியே, கான்டிராக்ட் ஆட்கள் குடிசை போட்டிருந்த இடத்தில் வீடு. அங்கே தண்ணீர் கிடையாது. எங்கள் வீட்டுக் கொல்லையில் குழாயும் உண்டு, நல்ல அகலமான கல்லும் உண்டு. அதனால் பிளாக்கில் இருந்த அத்தனை பேர் அழுக்கும் எங்கள் கொல்லையில்தான் வெளுத்தது. நிலக்கரி மைன்ஸ் ஆட்களின் காக்கி சாதாரணத் துணி இல்லை. கரித்தூள், கிரீஸ், களிமண் மூன்றும் சேர்ந்து பலகை மாதிரி விறைத்துப்போய் வரும். அதை அக்கா கல்லில் போட்டு அடிக்கிற அடியைக் கேட்டால், துணிதான் துவைக்கிறாரா, ஆளையே பிடித்து உதைக்கிறாரா என்று சந்தேகம் வரும். கல்யாணமான புதிதில் நான் இரண்டு தடவை பயந்துபோய்ச் சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறேன்.

அந்த அடியில்தான் அவருக்குப் பாட்டு வரும். முதலில் வசவு. கான்டிராக்டரை, மேஸ்திரியை, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் குடத்தைத் தள்ளிவிட்டவளை, சொந்தப் புருஷனை, செத்துப்போன மாமியாரை என்று வரிசையாக ஒவ்வொருவரையும் கல்லில் போட்டு அடிப்பார். ஒரு கட்டத்தில் வசவு ஆண்டவர் பக்கம் திரும்பும். அப்போது குரல் இறங்கி ராகம் ஏறும். வசவுச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், கேள்விகள் மட்டும் மிஞ்சும். நான் அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவேன். அவர் பாட்டுக் கட்டுகிற நாளில் துணி படாதபாடு படும். சாயங்காலம் சட்டையை எடுத்துப் பார்த்தால் பொத்தான் தெறித்திருக்கும். எங்கள் வீட்டில் இது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே, "என்ன, இந்த வாரம் ரெண்டு பொத்தான் காணோம். சரணம்கூட முடிஞ்சுட்டுதோ?" என்பார்.

அப்படி வந்த பாட்டுகளில் ஒன்று எனக்கு இன்னும் முழுசாக நினைவிருக்கிறது. அதன் முதல் வரிகள் இவை:

கேட்டும் கேளாதவர் போல் இருப்பது என்ன நீதி – நான்
தட்டித் தட்டி உடைந்து போச்சு கையில் பாதி
எழுந்து வந்து கதவைத் திற ஏசுசாமி – இல்லை
ஏன் படைத்தாய் என்னை என்று சொல்லு சாமி.

கான்டிராக்ட் குடிசைகளில் இந்தப் பாட்டைத் தகர டப்பாவில் தட்டிப் பாடுவார்கள். கோயிலில் முதல் தடவை பாடியபோது சபைச் செக்ரட்டரி எழுந்துவிட்டார். டவுன்ஷிப் ஆபீஸில் பெரிய வேலை, எங்கள் ஜில்லாக்காரர்தான், மடிப்புக் கலையாத சட்டை. "இதென்ன ஜெபமா, போலீஸ் கம்ப்ளெயின்டா?" என்று கேட்டார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். "யாக்கோபு ராவெல்லாம் ஆண்டவரோட கட்டிப் பொரண்டு சண்ட போட்டான். அவனுக்குத்தான ஆசீர்வாதம் குடுத்தாரு? கைய கட்டிகினு நின்னவனுக்கா குடுத்தாரு?" வயதான எங்கள் பாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. செக்ரட்டரி பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அக்கா சட்டென்று கை நீட்டிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். அவரை முதலில் அடித்தது அவர் புருஷன். குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடிப்பாராம். ஒரு நாள் காக்கிக்குப் போடுவதற்காக அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெல்ட்டை உருவியிருக்கிறார். அக்கா பானையோடு தூக்கி அவர் காலில் ஊற்றிவிட்டார். கணுக்கால் தோல் உரிந்து, அவர் ரொம்ப நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டதும் அக்காதான். மருந்து போட்டுக்கொண்டே, "இனிமே கை நீட்டுவியா?" என்று கேட்டுக் கேட்டு, பதில் வரவில்லை என்றால் புண்ணில் விரலை வைத்து அழுத்துவாராம். இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்த மனிதர் புண் ஆறியதும் ஒரு நாள் ஷிப்ட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக் காவலுக்கு இருக்கிறார், கூட ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்று சொன்னார்கள். அக்கா தேடிப் போகவில்லை. மகளை வைத்துக்கொண்டு துணி துவைத்தார்.

மகள் நேர்மாறு. அதிர்ந்து பேச மாட்டாள். ஆனால் குரல்! நான் பெட்டியில் சுரத்தைத் தொடும் முன்னாலேயே அவள் அந்த இடத்தில் போய் நின்றிருப்பாள். பாடகர் குழுவில் முன்வரிசையில் அவளை நிறுத்தினேன். அவளுக்குப் பின்னால் நின்று தடித்த குரலில் பாடியவர் ஒரு ஃபோர்மேன், செக்ரட்டரியின் மைத்துனர்.

ஒரு ஞாயிறு காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. நீளக் கம்பில் கட்டிய பை பெஞ்சு பெஞ்சாகப் போய்க்கொண்டிருந்தது. சபை முழுவதும் பாடுகிற பாட்டில் ஒரு குரல் மட்டும் நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? பெட்டி வாசித்த எனக்கே தெரியவில்லை. பெண்கள் பக்கம் பின்பெஞ்சில் இருந்த அக்காவுக்குத் தெரிந்தது. மகள் குரல் பாதி வரியில் நின்றதும் தலையை உயர்த்திப் பார்த்திருக்கிறார். அந்த ஆளின் கை எங்கே இருந்தது என்பதையும் பார்த்துவிட்டார்.

பை கொண்டுவந்தவர் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டு அக்கா நடு வழியில் ஓடி வந்தார். முதல் அடி ஃபோர்மேனின் காதுப் பக்கம். இரண்டாவது மூக்கில். காசுகள் பையிலிருந்து கொட்டிப் பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டன. அந்த ஆள் கீழே விழுந்த பிறகும் விடவில்லை, கம்பு முறிகிற வரை அடித்தார். அந்த ஆள் போட்டிருந்த பாடகர் குழுவின் வெள்ளை அங்கி முழுக்க ரத்தம். எனக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், ஐயோ, இன்னும் ரெண்டு போடுங்க அக்கா என்றுதான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கமிட்டி கூடியது. ஃபோர்மேன் செய்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவரிடம் ஜெபத்தில் நிலைத்திருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கோயிலுக்குள் ரத்தம் சிந்தியதற்காக அக்காவுக்குத் திருவிருந்து இல்லை என்று தீர்ப்பு. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது அவர் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். அக்கா நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

அவரைக் குனியவைத்தது மகளின் கல்யாணம். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டுகிற பையன், நம் சபைதான், குடிக்க மாட்டான் என்று சொன்னார்கள். குடிக்க மாட்டான் என்ற ஒரு சொல்லில் அக்கா விழுந்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை உள்ளவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் சபைக்கு அறிவிப்பார். ஓலை வாசிக்காமல் கோயிலில் தாலி கட்ட முடியாது. சபை ஒழுங்கு நடவடிக்கையின் கீழ் இருக்கிறவள் வீட்டு ஓலையை வாசிக்க முடியாது என்று செக்ரட்டரி நிறுத்திவிட்டார்.

பாஸ்டர் நடுவில் புகுந்து பேசிப் பார்த்தார். கடைசியில் செக்ரட்டரி ஒரு வழி சொன்னார். "அவங்களுக்குத்தான் பாட்டுக் கட்ட வருதே. பொறுமையைப் பத்தி ஒரு பாட்டுக் கட்டட்டும். நம்ம ஆண்டவர் அடி வாங்கிக்கிட்டு நின்ன பொறுமை. சபைக்கு முன்னால நின்னு பாடட்டும். அதுதான் மன்னிப்பு. மறு ஞாயிறே ஓலை வாசிச்சிடலாம்."

அக்கா அந்த வாரம் எங்கள் கொல்லைக்கு வந்து கல்லின் முன்னால் வெகுநேரம் சும்மா நின்றார். துணியை அடிக்கவில்லை. தண்ணீரில் அலசிப் பிழிந்துகொண்டே இருந்தார். பிழிந்ததையே திரும்ப நனைத்துப் பிழிந்தார். வசவு இல்லை. மெல்லிசாக ஒரு ராகம் மட்டும் வந்தது, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. நான் வீட்டிலிருந்த சின்னக் கைப்பெட்டியை வாசற்படிக்கு எடுத்து வந்து அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அடித்த கையையும் ஆசீர்வதித்தீரே
ஆட்டுக்குட்டியே, என் ஆட்டுக்குட்டியே
துடித்த போதும் வாய் திறவாதிருந்தீரே
அந்தப் பொறுமையை எனக்கும் தாருமே.

உண்மையைச் சொன்னால் அவர் கட்டியதிலேயே ஆக நல்ல பாட்டு அதுதான். முதல் தடவை கேட்டபோதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நல்லா வந்துகீதா?" என்று கேட்டார்.

"அழுகை வருது அக்கா."

"எனக்கு வரல." ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். "பொய்யா கட்டுனேன், பொட்டிக்காரம்மா. பொய்யின்னு தெரியாத அளவுக்கு நல்லா வந்துடுச்சி."

அன்று எந்தச் சட்டையிலும் பொத்தான் போகவில்லை.

கோயிலில் அவர் பாடியபோது செக்ரட்டரிகூட மூக்கை உறிஞ்சினார். மறு ஞாயிறு ஓலை வாசித்தார்கள். கல்யாணம் நடந்தது. பாட்டு அக்காவைவிட வேகமாக ஊர் சுற்றியது. கன்வென்ஷன் ஜெபக் கூட்டங்களில் அச்சடித்துக் கொடுத்தார்கள். குறிஞ்சிப்பாடியிலும் நெல்லிக்குப்பத்திலும் கோயில்களில் அதைப் பாடினார்கள். யார் வீட்டில் பெண் அழுதாலும், போய் ஜெபம் பண்ணுகிறவர்கள் இந்தப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் எழுந்து வந்தார்கள். அக்காவின் மற்றப் பாட்டுகளைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் இதற்கு மட்டும் அவரைத் தேடி வந்து கை குலுக்கினார்கள். அவர் கையைக் கொடுத்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொள்வார்.

அதற்கு அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் மகள் அம்மா வீட்டுக்கு வந்தாள். தலையில் முக்காடு போட்டிருந்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். அக்கா கல்லில் துணி அடித்துக்கொண்டிருக்க, நான் அவளை வாசற்படியில் உட்காரவைத்து, பெரிய வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாட்டுப் பழக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அவள் சுருதியை விட்டு விலகினாள். எனக்கு நம்ப முடியவில்லை. மறுபடி வாசித்தேன். அவள் முகத்தைத் திருப்பி வலது காதைப் பெட்டிப் பக்கம் கொண்டுவந்தாள். பிறகு சரியாகப் பாடினாள். நான் எழுந்து அவள் இடது பக்கம் போய் நின்று மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

முக்காட்டை விலக்கினேன். காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு.

"என்னம்மா இது?"

"சளி இறங்கிடுச்சிங்க."

"சளிக்கு யாரு தையல் போடுவா? சொல்லு."

முக்காட்டைத் திரும்ப இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள். "அவரு குடிக்க மாட்டாருங்க. ஆனா கோவம் வந்தா கைல எது கீதோ அத்த எடுத்துக்குவாரு. ஒரு நாளு லாரி ஸ்பானரு. அதுலேந்து இந்தப் பக்கம் கேக்கல."

"நீ என்ன பண்ணின? கத்தக் கூடாது? அக்கம்பக்கத்துல ஆளில்லையா?"

"நான் வாய தொறக்கலீங்க. அம்மா பாட்டத்தான் மனசுக்குள்ள பாடிக்கினு இருந்தேன். அவருக்கும் அந்தப் பாட்டு தெரியும். அடிக்கும்போது, ஒங்கம்மா பாட்ட பாடுடி, பாடிக்கினே வாங்கிக்கன்னு சொல்லுவாரு."

கல்லில் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அக்கா கையில் முறுக்கிய ஈரக் காக்கிப் பேண்ட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த முகத்தை நான் எத்தனை வயதானாலும் மறக்க மாட்டேன். ஒரு கையில் பேண்ட், ஒரு கையில் மகள், கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன். வழியெல்லாம் அந்தப் பேண்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பஸ்ஸில் கண்டக்டர் என்னம்மா இது என்று கேட்டான். அக்கா பார்த்த பார்வையில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டான்.

குறிஞ்சிப்பாடியில் மருமகன் தன் வீட்டு வாசலில் லாரிக்குச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தான். அக்கா மகளை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். முறுக்கிய ஈரத்துணி எவ்வளவு கனம் என்று துவைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். முதல் அடியில் அவன் லாரி மேல் சாய்ந்தான். பிறகு கல்லில் துணி அடிக்கிற அதே அடி, அதே வேகம், தோளுக்கு மேலே போய் இறங்குகிறது. அவன் வாயிலிருந்து ரத்தம் வந்தது. பக்கத்து நெசவு வீடுகளில் தறியிலிருந்து எழுந்து வந்தவர்கள் தெருவில் கூடி நின்று பார்த்தார்கள், ஒருவரும் கிட்டே வரவில்லை. அவன் தரையில் தவழ்ந்து ஜாக்கி கம்பியை எடுத்தான். எழுந்து ஓங்கி அக்காவின் வலது மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பேண்ட் கீழே விழுந்தது. அவன் மறுபடி ஓங்கித் தோளில் அடித்தான். அக்கா மண்டியிட்டார்.

நான் கத்திக்கொண்டே மகளைப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள். அழவில்லை. உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அவள் அம்மாவை அவன் அடித்துக்கொண்டிருக்கிறான், அவள் ஆட்டுக்குட்டிப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறாள். அக்கா அந்த மண்ணில் மண்டியிட்டபடி திரும்பி அதைப் பார்த்தார். கம்பியால் அடித்தபோதுகூட வராத ஒரு சத்தம் அப்போது அவர் தொண்டையிலிருந்து வந்தது.

பிறகுதான் தெருக்காரர்கள் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். நாங்கள் மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். மகள் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. அக்காவுக்கு முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. நடுப்பகலில் மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஆளுக்கொரு பிரசங்கம், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு பாட்டு. முதல் வார்த்தை, இவர்களுக்கு மன்னியும் என்பது. பிரசங்கம் முடிந்ததும் செக்ரட்டரி எழுந்து, "நம் சகோதரி இயற்றிய, நாம் எல்லாரும் அறிந்த பாட்டு" என்று அறிவித்தார். நான் வாசிக்காமல் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கண்ணை உருட்டினார். சபை எனக்காகக் காத்திருக்காமல் தானே பாட ஆரம்பித்துவிட்டது. எத்தனையோ வருஷப் பழக்கம், விரல்கள் தாமாகவே கட்டைகளுக்குப் போயின. இரண்டாவது வரிக்கு வரும்போது என் மேல் ஒரு நிழல் விழுந்தது.

இடது கையால்தான் மூடினார். கனத்த தேக்கு மூடி. வலியில் எனக்குக் கண் இருட்டியது. பாட்டு நின்றுபோனது.

"என் பாட்டு" என்றார் அக்கா. "நான் பெத்தது. இனிமே இத்த யாரும் பாடக் கூடாது. எந்தக் கோயில்லயும் பாடக் கூடாது."

செக்ரட்டரி முன்னால் வந்தார். "பாட்டு சபைக்குச் சொந்தம். நீங்க வெளிய போங்க."

"பாட்டு ஒனக்குச் சொந்தம்னா என் பொண்ணு காது யாருக்குடா சொந்தம்?"

அவர் அக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளினார், அடிபட்ட தோள். அக்கா மாவுக்கட்டுக் கையைச் சுழற்றி அவர் வாயில் அடித்தார். இரண்டு பல் போனது. கட்டு உடைந்து வெள்ளைத் தூள் என் மடியில் கொட்டியது. நாலைந்து ஆண்கள் சேர்ந்து அக்காவை நடுவழியில் இழுத்துக்கொண்டு போனார்கள். இழுத்துப் போகும்போது ஒருவர் உதைத்தார், அதையும் பார்த்தேன். சிலுவைக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்த நாள் அது. நசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு, இவர்களுக்கு மன்னிக்க வேண்டாம் ஆண்டவரே என்று ஜெபித்தேன்.

அதோடு அக்காவைச் சபையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மணிக்கட்டு கோணலாகக் கூடியது. கல்லில் அடிக்க முடியவில்லை. இடது கையால் அடித்துப் பார்த்தார், பாட்டு வரவில்லை. "பாட்டெல்லாம் அந்தக் கைலதான் இருந்துகீது போல" என்றார். மகள்தான் துவைக்க வந்தாள். அம்மா படியில் உட்கார்ந்திருக்க, அவள் பேசாமல் அலசுவாள், பேசாமல் பிழிவாள். வருஷக்கணக்கில் எங்கள் பிளாக்கில் ஒரு பொத்தான்கூடத் தெறிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு அது சௌகரியமாக இருந்தது. எனக்கு அந்தக் கல்லைப் பார்க்கவே பயமாக இருந்தது. சில நாள் துவைத்துக்கொண்டிருக்கும்போது அவள் உதடுகள் அசையும். அக்கா அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் உயிரோடு இருந்தவரை வேண்டிக்கொண்டது ஒன்றுதான், அந்தப் பாட்டு அவர் மகள் வாயைவிட்டுப் போக வேண்டும்.

மஞ்சள் காமாலையில் இறந்தார். எண்பதுகளின் கடைசி. அதற்குள் பழைய பாஸ்டர் போய்ப் புதிதாக ஒரு இளைஞர் வந்திருந்தார். நல்ல பிள்ளை. நீக்கப்பட்டவர் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரச் சொன்னார். பழைய கதை அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உருக்கமாக, "இந்தத் தாய் நமக்குத் தந்துபோன பாட்டையே பாடி இவரை வழியனுப்புவோம்" என்றார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டுவதற்குள், கன்வென்ஷன்களில் பழகிய கூட்டம் எடுத்துவிட்டது. அடித்த கையையும் ஆசீர்வதித்தீரே.

சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்ற மகளைப் பார்த்தேன். உதடுகள் அசைய ஆரம்பித்தன. ஆட்டுக்குட்டியே. என் ஆட்டுக்குட்டியே. பிறகு உதடுகள் நின்றன. அவள் அம்மாவின் கோணல் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்மேல் கட்டிவைத்திருந்த அந்தக் கை கடைசிவரை நேராக வரவில்லை.

அவள் சவப்பெட்டியை விட்டுவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். யாரும் தடுக்கவில்லை, அழத்தான் வருகிறாள் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த நடை தெரியும். இந்தத் தடவை நான் விரல்களை முதலிலேயே எடுத்துக்கொண்டேன்.

ஆர்மோனிய மூடி விழுந்த சத்தத்தில் கோயில் அடங்கியது. திரும்பிப் போய் அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். நாங்கள் பாட்டில்லாமல்தான் அக்காவை அடக்கம் பண்ணினோம்.

மறு வாரம் துவைக்க வந்தாள். நான் உள்ளே இருந்தேன். கல்லில் முதல் அடி விழுந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரின் சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தேன். கழுத்துப் பொத்தானும் அதற்குக் கீழே இரண்டும் இல்லை.